பூனையை விட்டு அட்டைக்கு வருவோம்

தமிழில் குவாண்டம் பற்றி எழுத உட்காருகிறவர் முதலில் பூனையைக் கூட்டி வருவார். பிறகு 'எல்லாம் மாயை' என்று சித்தர் பக்கம் ஒதுங்கிவிடுவார். நானும் அப்படி இரண்டு கட்டுரை எழுதியவன்தான்; பழியை அடுத்தவர் மேல் போட முடியாது. இந்த எழுத்தில் விடுபடுவது வேலை. அணுக்கருவின் ஸ்பின்னை நினைத்த நிலைக்கு எப்படிக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்ற கேள்வியே அதில் வருவதில்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் 2005இல் ஜர்னல் ஆஃப் மேக்னெட்டிக் ரெசொனன்ஸ் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நவீன் கனேஜா, ஸ்டெஃபன் கிளாசர் உள்ளிட்ட ஐவர் எழுதியது. 'கிரேப்' என்று பேர் வாங்கிய முறை. ரேடியோ அலைத் துடிப்பைச் சின்னச் சின்ன நேரத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டுக்குள் அலையின் வலு மாறாது. எந்தத் துண்டில் எவ்வளவு கூட்டலாம், குறைக்கலாம் என்று கணினி பார்த்துத் திருத்துகிறது.

செய்யாரில் இருந்துகொண்டு, ஆரணித் தறிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைப் படித்ததும் ஜக்கார்டு அட்டைதான் ஞாபகம் வரும். ஒரு அட்டை, ஒரு ஊடை. நோட்டில் சந்தோஷமாக எழுதியும் வைத்தேன். புனே ஐசரில் மகேஷ் குழு 2016இல் வெளியிட்ட 'பேங்-பேங்' முறையைப் பார்த்ததும் உவமை இன்னும் இனித்தது. அங்கே துடிப்பு ஒன்று முழு வலுவில் இருக்கும், இல்லையென்றால் அணைந்திருக்கும். அட்டையில் ஓட்டை இருக்கு, இல்லை, அவ்வளவுதான்.

ஆனா உவமை இடறுகிறது. இடறும் இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. தறியில் ஒரு அட்டை தப்பினால் அந்த ஊடையில் பழுது தெரியும். அடுத்த ஊடை அதன்பாட்டுக்கு விழும். ஸ்பின்னில் மூன்றாம் துண்டின் தப்பு கடைசிவரை கூடவே வரும். முடிவை மட்டும் பார்த்து எங்கே தப்பியது என்று சொல்ல முடியாது. ஆயிரம் துண்டு என்றால், ஒவ்வொன்றையும் அசைத்து ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கணுமா? வேண்டாம் என்கிறது கட்டுரை. தொடக்க நிலையிலிருந்து முன்னோக்கி ஒரு ஓட்டம், அடைய வேண்டிய நிலையிலிருந்து பின்னோக்கி ஒரு ஓட்டம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாத் துண்டுக்கும் திருத்த வேண்டிய திசை ஒரே வீச்சில் கிடைத்துவிடுகிறது. இதைப் படித்துவிட்டு நோட்டில் எழுதியதை அடித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. துண்டு மிகச் சிறியது என்ற தோராயத்தின் மேல் அந்தத் திருத்தக் கணக்கு நிற்கிறது. பின்னால் தோராயம் இல்லாத கணக்கும் வந்தது. பத்து ஸ்பின் என்றால் 1024க்கு 1024 அணி. இருபது என்றால் ஒரு பக்கமே பத்து லட்சத்தைத் தாண்டும். தவிர, இது மேடு பார்த்து ஏறும் முறை. சின்னக் குன்றின் உச்சியிலேயே நின்றுவிடவும் கூடும். அப்போ வேறு துடிப்பை வைத்து முதலிலிருந்து ஓட்ட வேண்டியதுதான்.