கடைசியாகச் சாப்பிடுகிறவள்

எங்கள் வீட்டில் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் பரிமாறுவாள், பிறகு பாட்டிக்கும் எனக்கும் போடுவாள். எல்லாரும் எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதைச் சோற்றைப் போட்டு வழித்து, அடுப்படியிலேயே சாப்பிட்டு முடிப்பாள். அந்தக் குழம்பில் காய் மிஞ்சியிருக்காது. முட்டையை எண்ணித்தான் வாங்குவோம். அந்த எண்ணிக்கையில் அம்மா இருந்ததில்லை.

2003இல் நான் கல்லூரி மாணவி. ரத்தப் பரிசோதனை முகாம் ஒன்றில் எனக்கு ஹீமோகுளோபின் 8 என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்த நர்ஸ், "கீரை நிறைய சாப்பிடும்மா" என்றார். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் செய்தித்தாள்களில் ஓர் உருளைக்கிழங்கைப் பற்றிப் படித்தேன். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆசிஷ் தத்தாவின் குழு, தண்டுக்கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் மரபணுவை எடுத்து உருளைக்கிழங்கில் சேர்த்திருந்தது. கிழங்கில் புரதம் கூடுகிறது, உடலுக்கு அவசியமான அமினோ அமிலங்களும் கூடுகின்றன என்றார்கள். பள்ளிக்கூட மதிய உணவில் ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சும் வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அன்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. படித்தவர்கள் யாரோ எங்களைப் போன்ற வீட்டை நினைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

கணக்குப் போட்டுப் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து. 2010இல் அதே குழு வெளியிட்ட ஆய்வில், ஏழு ரகக் கிழங்குகளில் புரதம் 60 சதவீதம் வரை கூடியதாகச் சொல்லப்பட்டது. 60 சதவீதம் என்றால் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் 100 கிராம் உருளைக்கிழங்கில் இருக்கும் புரதமே ஏறத்தாழ 2 கிராம்தான். 60 சதவீதம் கூட்டினாலும் 3 கிராமைச் சற்றுத் தாண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் துவரம்பருப்பில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு முட்டைக்கு ஈடாக ஒரு குழந்தை கிட்டத்தட்ட 200 கிராம் கிழங்கைத் தின்ன வேண்டும். அந்த மரபணு எந்தச் செடியிலிருந்து வந்ததோ, அதன் விதையை வட இந்தியாவில் ராஜ்கீரா என்ற பெயரில் நோன்பு நாட்களில் ஏற்கெனவே சாப்பிடுகிறார்கள்.

அந்த ஆய்வைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. பல ஆண்டு உழைப்பு அது. என் விமர்சனம் அந்தக் கிழங்கு எந்தக் கேள்விக்கு விடையாக முன்வைக்கப்பட்டது என்பதைப் பற்றியது. 'காயில் சத்து குறைவாக இருக்கிறது, கூட்டுவோம்' என்று தொடங்கினால், குறை காயினுடையதாகிவிடுகிறது. யார் தட்டில் எது விழுகிறது, யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், பருப்பு விலை ஏறும்போது யார் பங்கு முதலில் குறைகிறது என்ற கேள்விகள் ஆய்வகத்துக்குள் வருவதேயில்லை.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. மதிய உணவில் முன்னோடி என்று நாம் பெருமைப்படும் தமிழ்நாட்டிலும் இது 53 சதவீதம். இதற்குக் காயில் இரும்பு குறைந்தது மட்டும் காரணமல்ல. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, சின்ன வயதுத் திருமணம், இடைவெளியில்லாத பேறுகாலம், செருப்பில்லாத காலில் ஏறும் கொக்கிப்புழு, சாப்பிட்டவுடன் குடிக்கும் டீ என்று காரணங்கள் பல. காயில் கூட்டி வைத்த சத்தும் தனியாக வேலை செய்வதில்லை. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் உடலில் சேர உணவில் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். கீரையின் இரும்பு சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ உதவும். ஒரு தட்டில் இவையெல்லாம் சேர்ந்து விழுவதற்குக் கூலி கூட வேண்டும், நேரமும் வேண்டும்.

இத்தகைய பயிர்களைப் பற்றிய பேச்சில் தாய் எப்போதும் வருகிறாள். குழந்தைக்குச் சத்து ஊட்ட வேண்டியவள் அவள்தான். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவளைக் காணோம். 2008இல் சீனாவின் ஹூனான் மாகாணத்தில், வைட்டமின் ஏ செறிந்த மரபணு மாற்ற 'தங்க அரிசி'யைப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அது மரபணு மாற்றப்பட்ட அரிசி என்று பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆய்வுக் கட்டுரையை 2015இல் இதழ் திரும்பப் பெற்றது. குழந்தைகளுக்கு அரிசியால் தீங்கு நேர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. கேட்காமல் கொடுத்தார்கள் என்பதுதான் பிரச்சினை. பெண்ணுடலில் கருத்தடைச் சோதனைகள் நடந்த வரலாறு தெரிந்த நமக்கு, இதைச் சின்ன விதிமீறல் என்று கடந்துபோக முடியாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தப் பயிர்களை எதிர்ப்பவர்கள் பலர், 'நம் பாட்டி காலத்துக் கீரை போதும்' என்கிறார்கள். பண்ணைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் வயலில் தானாக முளைத்தன, களையெடுக்கப் போன பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது உண்மை. களைக்கொல்லி வந்த பிறகு களையெடுக்கும் கூலியும் போனது, கீரையும் போனது. ஆனால் அந்தக் கீரையை ஆய்ந்து, மண் போக அலசி, அரிந்து, கடைந்தது யார்? நர்ஸ் எனக்குச் சொன்ன கீரையை மறுநாளிலிருந்து அம்மாதான் விடியற்காலையில் எழுந்து ஆய்ந்தாள். மரபைப் போற்றுகிறவர்களும் ஆய்வகத்தை நம்புகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: அவளுடைய உழைப்பு இலவசம் என்பதில்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "ஊதாத் தக்காளியைக் கண்டுபிடித்ததே ஒரு பெண்தானே மேடம், அதையும் எதிர்ப்பீர்களா?" நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் கேத்தி மார்ட்டின் குழு, ஒரு பூச்செடியின் மரபணுக்களைச் சேர்த்து, நாவல்பழத்தில் இருப்பதைப் போன்ற ஊதா நிறமி நிறைந்த தக்காளியை உருவாக்கியது. அமெரிக்கா 2022இல் அனுமதித்தது. 2024இல் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விதை விற்பனைக்கு வந்தது. விரும்பியவர் தெரிந்தே வாங்கி நட்டுக்கொள்கிறார். அதில் எனக்குச் சண்டையில்லை. மதிய உணவுத் தட்டு அப்படியல்ல. அங்கே வரிசையில் நிற்கும் குழந்தை வேறு கடைக்குப் போக முடியாது. தேர்வு செய்ய வழியில்லாதவருக்குக் கொடுக்கும்போதுதான் சோதனையும் சம்மதமும் இரட்டிப்பாக வேண்டும். பிடி கத்தரிக்காய்க்கு 2010 பிப்ரவரியில் தடை அறிவிப்பதற்கு முன் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அப்படிக் கேட்பது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக வேண்டும். கேட்கும் நேரமும் இடமும் கூலி வேலைக்குப் போகும் பெண் வரக்கூடியதாக இருக்க வேண்டும்.

அந்த உருளைக்கிழங்கு இன்றுவரை எந்தப் பள்ளித் தட்டுக்கும் வரவில்லை. முட்டை வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை தருகிறார்கள். அதை அவித்து உரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் பலர் கணவனை இழந்தவர்கள். முறையான காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் எத்தனையோ முறை தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். முட்டையைப் பெண் குழந்தையும் ஆண் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். என் வீட்டில் நடக்காதது அங்கே நடக்கிறது.

இதை எழுதும்போது அம்மாவிடம் அந்தக் கிழங்கைப் பற்றிச் சொன்னேன். "கிழங்குல சத்து ஏத்திட்டா, அது எனக்கு மிஞ்சிடுமாடி?" என்று கேட்டாள். அடுத்த முறை சத்து கூட்டிய காய் ஒன்று செய்தியில் வரும்போது, அதில் எத்தனை சதவீதம் கூடியது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எதிலிருந்து கூடியது, விதை யாருடையது, யாரைக் கேட்டார்கள், அதே காசில் எத்தனை முட்டை வாங்கலாம் என்றும் கேளுங்கள். அம்மாவின் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.