தொழுகையா, நமாஸா?

மென்பொருள் வேலைக்காக 1990களின் பிற்பகுதியிலிருந்து வைட்ஃபீல்ட் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் முஸ்லிம்களும் உண்டு. இங்கேயே வளர்ந்த அவர்கள் பிள்ளைகளை இரண்டு கேள்விகள் துரத்துகின்றன. “முஸ்லிம்னா உருது வராதா?” என்பது ஒன்று. தக்கனி உருது பரவலாக வழங்கும் பெங்களூரில் அது எழுவது இயல்பே. “தமிழ்னு சொல்றீங்க, அப்புறம் எப்படி முஸ்லிம்?” என்பது மற்றொன்று. இதைக் கேட்பவர்கள் நம்மவர்களே!

விளைவு என்ன? வீட்டில் உம்மா ‘தொழுகை’, ‘நோன்பு’, ‘பெருநாள்’ என்கிறார். பிள்ளை ‘நமாஸ்’, ‘ரோஸா’, ‘ஈத்’ என்கிறது. அதுதான் சரியான இஸ்லாம் என்றும் நினைத்துக்கொள்கிறது. ஆனால் நமாஸும் ரோஸாவும் பாரசீகச் சொற்கள். திருக்குர்ஆனின் அரபுச் சொற்கள் ஸலாத், ஸவ்ம். பாரசீகத்துக்கு உள்ள உரிமை தமிழுக்கு மட்டும் இல்லையா?

இதற்கு விடை நம் இலக்கியத்தில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் நபிகளாரின் வரலாற்றை 5027 விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடினார். நாட்டுப்படலம், நகரப்படலம் என்று தமிழ்க் காப்பிய மரபிலேயே அரபு நாட்டைக் காட்டினார். மார்க்கமும் மொழியும் அங்கே மோதவில்லை.

நம் காலத்தில் தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) மலையாள வழியில் படித்தவர். ஆயினும் தமிழில் எழுதி, ‘சாய்வு நாற்காலி’க்காக 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். ‘தமிழ் எழுத்து வராது’ என்று கூசும் பிள்ளைகளுக்கு இவரைவிட நல்ல துணை ஏது? சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) பெண்களின் பக்கத்திலிருந்து சமூகத்தைக் கேள்வி கேட்கிறது. உள்ளே நின்றே கேள்வி கேட்கலாம் என்பதை நம் பெண்பிள்ளைகள் அதில் காணலாம்.

குறையும் சொல்ல வேண்டும். மீரானும் சல்மாவும் இந்நூல்களில் காட்டுவது ஊர் உலகம். அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வட்டார வழக்கே அந்நியம். பெரியவர்கள் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினால்தான் கதவு திறக்கும்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் பொறுப்பு உண்டு. மனப்பாடப் போட்டியில் கம்பனும் குறளும் இருக்கட்டும். பக்கத்தில் உமறுவுக்கும் ஓர் இடம் கொடுங்கள். நம் மேடையில் தன் நபியின் கதையைத் தமிழில் சொல்லிப் பரிசு வாங்கும் பிள்ளையிடம் அந்த இரண்டாவது கேள்வியை எவரும் கேட்க மாட்டார்கள்.