கால்மோடுலின் மீது ஏற்றப்படும் சுமை

அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களைக் கால்சியச் செய்தி கடத்தும் புரதங்களின் கோளாறாக விளக்கும் போக்கு 1980களில் ஆய்வாளர் கச்சதூரியன் முன்வைத்த கருதுகோளிலிருந்து வலுப்பெற்றது. விளக்கம் என்ற அளவில் அது அருமையானது. அதிலிருந்து நேரே மருந்துக்குத் தாவுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நரம்புச் செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம், உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். செல்லின் கால்சிய வாயில் கணநேரம் திறந்தாலும் அது உள்ளே பாய்ந்துவிடும். அதைச் செய்தியாக மாற்றுவது 148 அமினோ அமிலங்களே கொண்ட கால்மோடுலின் என்னும் சிறு புரதம். நான்கு கால்சிய அயனிகளைப் பற்றியதும் அது உருமாறி நொதிகளைத் தட்டி எழுப்புகிறது. பாய்ச்சல் குறுகியதாக, வலுவாக இருந்தால் ‘கேம்கைனேஸ்-2’ என்ற நொதி விழித்து நரம்பிணைப்பை இறுக்குகிறது. 1998இல் எலிகளில் இந்த நொதியின் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றியதுமே, இடங்களை நினைவில் கொள்ளும் திறன் குலைந்தது. மெல்லிய கசிவு நெடுநேரம் நீடித்தால் ‘கால்சிநியூரின்’ என்ற இன்னொரு நொதி மேலோங்கி இணைப்புகளைத் தளர்த்திவிடுகிறது. கற்க வைக்கும் புரதமே மறக்கவும் வைப்பது இப்படித்தான்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வேலையையும் ஒரே கருவி செய்கிறது என்றால் எதை அடைப்பது? இஸ்ராடிபைன் என்ற ரத்த அழுத்த மருந்து கால்சிய வாயிலை அடைக்கும்; எலிகளில் நம்பிக்கை தந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் 336 பேரிடம் மூன்றாண்டுகள் சோதித்து 2020இல் முடிவு வெளியானபோது, நோயின் வேகம் சற்றும் குறைந்திருக்கவில்லை. மெமன்டின் என்ற மருந்து அல்சைமர் அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கிறது, அவ்வளவே. ஜெல்லிமீனின் கால்சியப் புரதத்தை நினைவாற்றல் மாத்திரையாக விற்றவர்கள் மீது அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2017இல் வழக்கே தொடுத்தது.

இந்த அரைகுறைச் செய்திகள் நம் ஊர்வரை வந்துவிட்டன. ராஜபாளையம் அம்பலப்புளி பஜாரில் ஒருவர் கைப்பேசியை நீட்டி, “மூளைல கால்சியம் கூடுனா செல்லு செத்துரும்னு போட்டிருக்கான் சார். அம்மாவோட எலும்பு மாத்திரைய நிறுத்திரவா?” என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் பெரியவருக்குப் பால்கோவாவைத் தடுத்திருந்தார்கள். சர்க்கரைக்குப் பயந்து அல்ல, கால்சியத்துக்குப் பயந்து. குடிக்கும் பால் நரம்புச் செல்லின் வாயிலைத் திறப்பதில்லை. ரத்தக் கால்சியத்தைப் பாராதைராய்டு சுரப்பியும் வைட்டமின் டி-யும் கட்டுக்குள் வைக்கின்றன. புரதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

அந்தச் சுரப்பியே கெட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறினாலும் குழப்பமும் மறதியும் வரும். அதைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். அதனால் பஜாரில் கேட்டவரிடம் சொன்னேன்: “நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டர்ட்ட காட்டி, மறதி இருந்தா ரத்தத்துல கால்சியம், தைராய்டு, பி12 மூணையும் மொதல்ல பாக்கச் சொல்லுங்க.”