படையலில் எஞ்சிய தமிழ்

ஜாலான் புசாரினின்று நடந்து செல்லும் தொலைவில், கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் மலாக்கா செட்டிகளைப் பற்றிய கண்காட்சியொன்றைத் தொடங்கிற்று. மலாக்காச் சுல்தான்கள் காலத்தில் வணிகத்தின்பொருட்டு வந்து, உள்ளூர்ப் பெண்டிரை மணந்து தங்கிய தமிழரின் வழியினர் இவர். வீட்டுமொழி மலாய், சமயம் சைவம். மொழியை இழந்தாரைத் தமிழர் எனல் தகுமோ என வினவுவார் நம்மிடையே உளர். அவர் இவர்தம் அடுக்களையை நோக்கினாரல்லர்.

போகியன்று முன்னோர்க்கு வாழையிலையிட்டு உணவு படைக்கும் சடங்கினை இவர் 'பார்ச்சு' என்பர். 'படைச்சு' என்பதன் திரிபே இஃதெனக் கொள்ளல் பொருந்தும். சமையலோ நாசி லெமாக், சம்பால், பிண்டாங் மீன். சுவை மலாய்நாட்டது, இலையும் படையலும் நம்மவை.

கெரிசிம் மலையில் பாஸ்கா ஆட்டைக் குழியடுப்பில் சுட்டு, புளியா அப்பத்தோடு உண்ணும் சமாரியர் ஆயிரவரினும் குறைந்தோரே. அன்றாடம் அரபும் இக்கால எபிரேயமும் பேசும் அவர்க்குப் பழைய எழுத்தில் மறைநூலேனும் உண்டு. செட்டிகட்கோ பாட்டியரின் கைப்பக்குவமே ஏடு. கண்ணாடிப் பேழையுள் சேலை நிற்கும். சம்பாலின் பதம் நில்லாது. அக்கண்காட்சியும் 2019இல் முடிந்தது.

ஆண்டின் நடுவே, கனிப்பருவத்தில் மற்றொரு பார்ச்சும் உண்டு. அதனைத் தமிழ்மரபன்று என்பார், விளைந்த புதுக்கனியை முன்னோர்க்குப் படைத்துப் பின் உண்பது எவர் வழக்கென்று கூறுவாராக.