பெங்களூர்ச் சோதனைக் கவிதை நிகழ்வுகளில் தமிழ்: எழுத்தும் ஒலிப்பும்

0. முன்னுரை

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் காக்ஸ் டவுனை அடுத்து ஜீவனஹள்ளி அமைந்துள்ளது. இப்பெயரின் இறுதிக்கூறாகிய 'ஹள்ளி' என்பது தமிழில் சிற்றூரைக் குறிக்கும் 'பள்ளி' என்னும் சொல்லோடு ஒரே வேர் உடையது. சொல் முதற் பகரம் ஹகரமாகத் திரிந்தமை கன்னட மொழி வரலாற்றில் நிகழ்ந்த புகழ்பெற்ற ஒலிமாற்றமாகும். ஓர் ஊர்ப்பெயரைச் சொல்லும்போதே இரு மொழிகளின் உறவும் பிரிவும் ஒருங்கே வெளிப்படும் இந்நகரில், தமிழ்க் கவிதையைப் பலமொழி அவையின் முன் நிகழ்த்துவது எத்தகைய சிக்கல்களை எழுப்புகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'சோதனைக் கவிதை நிகழ்வு' என்பது இங்கு, கவிதையை வாசிப்பதோடு நில்லாமல் குரல், உடல், இசைக்கருவி, ஒளி, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ கவிதையின் கூறாகவே கையாளும் பொது நிகழ்வைக் குறிக்கும். இத்தகைய நிகழ்வுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிகழ்த்துநரின் ஆற்றலைப் பற்றியதாகவே அமைகிறது. நிகழ்வை அமைக்கும் முறையும், மொழியின் ஒலியமைப்பும் தொடரமைப்பும் அதில் வகிக்கும் பங்கு போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

1. தமிழ்க் கவிதையும் அவையும்

தமிழ்ச் செய்யுள் தொடக்கம் முதலே அவையை நோக்கியது. வெண்பாவிற்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவிற்கு அகவலோசை, கலிப்பாவிற்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவிற்குத் தூங்கலோசை எனப் பா வகைகள் ஓசையினாலேயே வரையறுக்கப்பட்டன. தொல்காப்பியச் செய்யுளியல் வண்ணங்கள் 20 எனக் கூறுகிறது. அரங்கேற்றம், அவையடக்கம் ஆகிய மரபுகளும் நூல் கேட்கப்படுவதற்கு உரியது என்னும் கொள்கையின் வெளிப்பாடுகளே. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானத்தில், செய்யுள் இயற்றும் செயலே அவையின் முன் நிகழ்ந்தது.

இம்மரபிலிருந்து விலகியது புதுக்கவிதை. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழும், 1962இல் வெளிவந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பும் தமிழ்க் கவிதையை மௌன வாசிப்பிற்கு உரியதாக நிலைநிறுத்தின. யாப்பு விடைபெற்ற இடத்தை அச்சுப் பக்கத்தின் வரிப்பிளவு நிரப்பியது. அதே காலத்தில் கவியரங்கம் மேடைகளில் செழித்தது. இவ்வாறு, கேட்கப்படும் கவிதை ஒருபுறமும் படிக்கப்படும் கவிதை மறுபுறமுமாகத் தமிழில் ஒரு பிளவு உண்டாயிற்று. முன்னதைப் பின்னதன் சார்பாளர் ஆரவாரம் என்றனர். பின்னதை முன்னதன் சார்பாளர் புரியாமை என்றனர். இருசாராரும் ஒலிப்பைக் கவிதைக்குப் புறம்பான ஒன்றாகவே கருதினர் என்பது குறிப்பிடத்தக்கது. முன்னவர் அதனை அணியாகக் கொண்டனர். பின்னவர் அதனை மாசாகக் கொண்டனர்.

இப்பிளவைக் கடக்க முயன்றவர்களுள் ஈழத்தவர் முதன்மையானவர். மஹாகவி (1927-1971) யாப்பிற்குள்ளேயே பேச்சோசையைக் கொண்டுவந்தார். 1980களில் யாழ்ப்பாணத்தில் புதுக்கவிதைகளை மேடையில் நிகழ்த்தும் 'கவிதா நிகழ்வு' என்னும் வடிவம் உருவானது. போரும் ஒடுக்குமுறையும் சூழ்ந்த காலத்தில் கவிதை மீண்டும் அவையைத் தேடிச் சென்றது தற்செயலன்று.

2. நிகழ்வமைப்பும் கவிதை வடிவமும்

கவிதை நிகழ்வை ஏற்பாடு செய்பவரை இடமும் நாற்காலியும் தேடித் தருபவராக மட்டும் கருதுதல் பொருந்தாது. நிகழ்வின் விதிகள் கவிதையின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. கவியரங்கத்தில் பொதுத்தலைப்பு முன்னரே அளிக்கப்படுகிறது. தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் கவிதையாலேயே அழைக்கிறார். ஆகவே அங்குக் கவிதை, தலைப்பிற்கும் தலைமைக்கும் அவைக்கும் அளிக்கும் மறுமொழியாக அமைகிறது. உருது முஷாயிராவில் அவையினர் அடியை மீண்டும் சொல்லுமாறு வேண்டுவர். கேட்போரின் பங்கேற்பு அங்கு விதியாகவே உள்ளது. 1986 முதல் சிகாகோவின் கிரீன் மில் அரங்கில் மார்க் ஸ்மித் நடத்திவந்த 'ஸ்லாம்' போட்டிகளின் வழியே பரவிய முறையில் ஒரு கவிதைக்கு ஏறத்தாழ 3 நிமிடமே உண்டு. அவையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர்கள் மதிப்பெண் இடுவர். 1916இல் சூரிச் நகரின் காபரே வோல்தேரில் ஹூகோ பால் நிகழ்த்திய ஒலிக்கவிதையோ அகராதிப் பொருளையே துறந்தது. போர்க்கால ஐரோப்பாவில் பொய்க்குப் பழகிவிட்ட மொழியை மறுக்கும் செயலாக அது விளங்கியது.

இந்நான்கு அமைப்புகளும் நான்கு வகைக் கவிதைகளைத் தோற்றுவித்தன. ஒன்றன் விதியை மற்றொன்றிற்குப் பெயர்க்கும்போது அதனோடு அதன் அழகியலும் வந்து சேர்கிறது. நிமிடக் கணக்கில் நேரம் வகுக்கும் ஏற்பாட்டாளர், தம்மை அறியாமலேயே ஒரு யாப்பை வகுக்கிறார் எனலாம்.

3. பெங்களூர்ச் சூழல்

1809 அளவில் உருவான ஆங்கிலேயப் படைமுகாம் தமிழரைப் பெருமளவில் இங்குக் கொண்டுவந்தது. முகாம் பகுதியும் பழைய நகரும் 1949இல்தான் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நகரில் கன்னடத்திற்கு அடுத்த இடத்தில் தமிழ் உள்ளது. கன்னடம் பேசுவோரும் பாதிக்குக் குறைவே. அல்சூர், ஜீவனஹள்ளி, சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகியவை ஒரே தெருவில் புழங்குகின்றன.

இம்மொழிக்கலப்பு இலக்கியத்திற்குப் பயன் தந்துள்ளது. வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் பு.தி. நரசிம்மாச்சாரும் கன்னட இலக்கியத்தின் முன்னோடிகளாயினர். மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதினார். மறுதலையாக, கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஞானக்கூத்தன் (1938-2016) தமிழ்ப் புதுக்கவிதையின் முதன்மைக் குரல்களுள் ஒருவரானார். பெங்களூரிலிருந்து வெளிவந்த 'படிகள்' இதழும், தமிழவன் 1982இல் அமைப்பியல் குறித்து எழுதிய நூலும் தமிழ்த் திறனாய்வில் புதுவழி காட்டின.

ஆயினும் பொதுவெளியில் தமிழ் ஒலிப்பது இந்நகரில் எளிய செயலாக எப்போதும் இருந்ததில்லை. 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால ஆணையையொட்டித் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. அல்சூர் ஏரியருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றே திறக்கப்பட்டது. அதே மாதம் 13ஆம் நாள் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஒரு கவிஞருக்கு ஈடாக ஒரு கவிஞர் என்னும் இவ்வொப்பந்தம் அமைதியை உண்டாக்கியது. ஆனால் சிலைகள் பேசா. இரு மொழியினரும் ஒருவர் கவிதையை மற்றவர் கேட்கும் இடம் வேறு வகையிலேயே உருவாக வேண்டியிருந்தது.

அத்தகைய இடங்கள் சில இன்று உள்ளன. கன்னடக் கவிஞர் மம்தா சாகர் முன்னின்று நடத்திவரும் 'காவ்ய சஞ்செ' பலமொழிக் கவிதைகளை ஒரே அவையில் இணைக்கும் முயற்சியாகும். கோரமங்கலாவில் தொடங்கிய 'ஆட்ட கலாட்டா' புத்தகக்கடை கவிதை வாசிப்புகளுக்கு இடமளித்ததோடு 2016இல் பெங்களூர்க் கவிதை விழாவையும் தொடங்கியது. 2004 முதல் ஜே.பி. நகரில் இயங்கும் ரங்க சங்கரா அரங்கு நாடகத்திற்கு உரியதெனினும் புதிய நிகழ்த்துமுறைகளுக்கு நகர மக்களைப் பழக்கியுள்ளது. இவ்வரங்குகள் தொடங்கப்பெற்ற இடங்கள் பெரும்பாலும் நகரின் தெற்கிலும் தென்கிழக்கிலும் உள்ளன; தமிழர் நெடுங்காலமாகச் செறிந்து வாழும் முகாம் பகுதியோ வேறு திசையில் உள்ளது. இடத்தேர்வும் மொழித்தேர்வே என்பதை ஏற்பாட்டாளர்கள் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

4. ஒலிப்பின் இலக்கணம்

ஸ்லாம் வழியே பரவிய நிகழ்த்துநடை ஆங்கிலத்தின் அசையழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. அழுத்தமான அசைகளை ஏறத்தாழ ஒத்த இடைவெளியில் அமைத்து, வரியிறுதியில் குரலை உயர்த்துவது அதன் இயல்பு. தமிழில் சொல்லழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை. குறில், நெடில் வேறுபாடே பொருளை வேறுபடுத்துகிறது. நேர், நிரை என்னும் அசைப்பாகுபாடும் அளவையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே ஆங்கில நடையைப் பின்பற்றி ஒரு குறிலை அழுத்த முற்படும் குரல் அதனை நீட்டிவிடும்போது, 'கல்' என்பது 'கால்' ஆகிறது. 'விடு' என்பது 'வீடு' ஆகிறது. இது உச்சரிப்புப் பிழை மட்டுமன்று, சொல்லே மாறிவிடுகிறது.

இதற்கு மாறாக, ஒலியை எங்கே நீட்டலாம் என்பதைத் தமிழ் மரபே வகுத்துள்ளது. உயிரளபெடையில் நெடில் தன் அளவில் மிகுகிறது. இன்னிசைக்காகக் குறில் நெடிலாகி அளபெடுக்கும் இடங்களிலும் அது வேறொரு சொல்லாக மயங்குவதில்லை. ஒற்றளபெடைக்கு உரியனவாக நன்னூல் ங், ஞ், ண், ந், ம், ன், வ், ய், ல், ள் ஆகிய 10 மெய்களையும் ஆய்தத்தையும் கூறுகிறது. வல்லின மெய் ஒன்றும் இதில் இல்லை. காற்றுத் தடைபடும் ஒலியை நீட்ட இயலாது என்னும் ஒலியியல் உண்மை இவ்விதியில் அடங்கியுள்ளது. குரலைப் பதிவுசெய்து அடுக்கடுக்காகத் திரும்ப ஒலிக்கச்செய்யும் கருவியைப் பயன்படுத்தும் இன்றைய நிகழ்த்துநருக்கும் இவ்விதி வழிகாட்டியாகும். சோதனைக்கு மரபு தடை என்னும் எண்ணம் இங்கு வலுவிழக்கிறது.

தொடரமைப்பும் கருதத்தக்கது. தமிழில் அடை முன்னும் பெயர் பின்னும் வரும். வினைமுற்று இறுதியில் நிற்கும். 'நேற்று மழையில் நனைந்த' என்று நிறுத்தினால், நனைந்தது எது என்னும் வினா கேட்போர் மனத்தில் எழுந்து நிற்கிறது. பெயரெச்சத்தின்பின் வரும் நிறுத்தம் எதிர்பார்ப்பை வளர்க்கும். வினைமுற்றின்பின் வரும் நிறுத்தம் தொடரை முடிக்கும். அச்சில் இரண்டும் ஒரே வகை வரிப்பிளவாகத் தோன்றினும் செவிக்கு அவை வெவ்வேறானவை. அடைகள் நீளும்போது கேட்போரின் நினைவுச்சுமை மிகுகிறது. கவியரங்கக் கவிஞர் ஒரே அடியை இருமுறை சொல்லும் வழக்கத்தை வெற்றுப் பகட்டென ஒதுக்குவதற்கில்லை. முதன்முறை எதிர்பார்ப்பு எழுகிறது. இரண்டாம்முறை பொருள் நிறைகிறது. நேர வரம்பு மிகுந்த நிகழ்வுகளில் முதலில் கைவிடப்படுவது இம்மறுசொல்லலே. இதனால் தமிழ்க் கவிதை பெறும் இழப்பு, வினை முன்னே வரும் ஆங்கிலக் கவிதை பெறும் இழப்பினும் பெரிதாகும்.

5. பாதி விளங்கும் மொழி

பலமொழி நிகழ்வுகளில் தமிழ்க் கவிதைக்கு நேரும் பெருந்தீங்கு, அது வெறும் ஓசையாக வரவேற்கப்படுவதே. 'பொருள் தெரியாவிட்டாலும் கேட்க இனிமை' என்னும் பாராட்டு நல்லெண்ணத்தில் எழுவதே. எனினும் அது கவிதையை இசைக்கருவியின் நிலைக்குத் தாழ்த்துகிறது. ஹூகோ பால் பொருளைத் தாமே துறந்தார். இங்கோ கவிஞர் கூறிய பொருளை அவை துறக்கிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல. சாதி, தண்ணீர், வாடகை, வேலை ஆகியவற்றைப் பற்றிய கவிதை இனிய ஓசையாக மட்டும் கேட்கப்படுமாயின் அது கேட்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும் கன்னட அவைக்குத் தமிழ் முற்றிலும் அயல்மொழியன்று. கண், கல், நீர், மரம் ஆகியவை சிறு வேறுபாட்டுடன் கன்னடத்திலும் உள்ளன. பால், பல் என்பவை ஹாலு, ஹல்லு என்றாகியுள்ளன. இவ்வொற்றுமை உதவுவது போலவே மயக்கவும் செய்யும். 'அவசரம்' என்பது தமிழில் விரைவைக் குறிப்பதால் தமிழர் கன்னட 'அவசர'த்தை எளிதில் அறிவர். ஆனால் பெருந்தீனியை நினைவூட்டும் 'திண்டி' என்னும் தமிழ்ச் சொல் கன்னடத்தில் இயல்பான சிற்றுண்டியையே குறிக்கிறது. பாதி விளங்கி, பாதி மயங்கும் இந்நிலையே பெங்களூர் நிகழ்த்துநருக்குச் சென்னையில் கிட்டாத வாய்ப்பாகும். இதனைக் கருவியாகக் கொள்ளும் கவிதையே இந்நகருக்கு உரிய சோதனைக் கவிதை எனலாம்.

இவ்வகையில் கன்னடத்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். 2019இல் மறைந்த தலித் கவிஞர் கே.பி. சித்தய்யாவின் நெடுங்கவிதைகளை அடிப்படையாகக் கொண்டு கே.பி. லட்சுமணா நெறியாள்கையில் ஜங்கம கலெக்டிவ் குழுவினர் 'தக்லகதா தேவிகாவ்யா' என்னும் நிகழ்வை உருவாக்கினர். அரெ, தமட்டெ ஆகிய தோற்கருவிகள் அதில் பின்னணி இசையாக அன்றி, விலக்கப்பட்ட சமூகங்களின் நினைவாகவே ஒலிக்கின்றன. தமட்டெயின் ஒலியில் பறையை உணரும் தமிழர்க்கு அக்கன்னடக் கவிதை மொழிபெயர்ப்பு வருமுன்னரே நெருங்கிவிடுகிறது. ஒலி இங்குப் பொருளுக்கு மாற்றாக அமையாமல் பொருளுக்கு வாயிலாக அமைகிறது. தமிழ்க் கவிதை நிகழ்வு அடையவேண்டிய நிலையும் இதுவே.

6. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, நிகழ்வின் நேரவிதி தமிழ்த் தொடரமைப்பிற்கேற்ப மறுசொல்லலுக்கு இடமளித்தல் வேண்டும். இரண்டாவதாக, அளபெடை விதிகள் முதலிய மரபறிவு நிகழ்த்துநர் பயிற்சியில் இடம்பெறுதல் வேண்டும். மூன்றாவதாக, கவிதைகளுக்கிடையே பேசும் தொகுப்பாளரின் மொழி ஆங்கிலமாக மட்டும் இருத்தல் ஆகாது. கன்னடமும் தமிழும் நேரே சந்திக்க வேண்டும். மொழிபெயர்ப்பு தாளில் அச்சிட்டுக் கொடுக்கப்படாமல் குரலாகவே மேடையில் ஒலிப்பது பொருந்தும். நான்காவதாக, ஜீவனஹள்ளி போன்ற பலமொழித் தெருக்களுக்கு நிகழ்வு செல்லுதல் வேண்டும். அங்குள்ளோர் பாதி விளங்கும் மொழியோடு நாள்தோறும் வாழ்பவர். கடையிலும் குழாயடியிலும் அவர்கள் பழகிய திறனே இக்கவிதைக்கு வேண்டிய அவைத்தகுதி.

'கேள்' என்னும் வினை தமிழில் செவியேற்றலையும் வினவுதலையும் குறிக்கும். கன்னடக் 'கேளு' என்பதும் அவ்விரு பொருளையும் உடையது. பிற மொழிக் கவிதையைக் கேட்டு, விளங்காததை வினவும் அவை ஒன்று உருவாகுமாயின், அதற்கு வேண்டிய சொல்லை இரு மொழிகளும் முன்னரே பொதுவாகப் பெற்றுள்ளன.