விண்டோஸ் 11: தமிழுக்கு என்ன கிடைத்தது?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சுபோச்சு. அதிலிருந்து ஊரில், அதாவது கள்ளக்குறிச்சி மாவட்டம் களமருதூரில், யாரைப் பார்த்தாலும் "அண்ணே, 11-க்கு மாறலாமா?"தான்.

புது ஓஎஸ் எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, தமிழில் எழுதுறவங்களுக்கு இதனால என்ன மாறுது என்பதைத்தான். அந்தக் கணக்கில் 98-இலிருந்து 2000-க்கோ எக்ஸ்பிக்கோ போனது பெரிய தாவல். 98-இல் தமிழ் என்பது எழுத்துரு வித்தை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வெச்சிருப்பாங்க. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குப்பை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் தரங்களும் அந்த எட்டு பிட் உலகத்துக்குள்ளேயே அடங்கியவை. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் கொண்டுவந்தது. எக்ஸ்பியில் ரீஜனல் செட்டிங்ஸில் ஒரு டிக் அடிக்கணும், சிடியும் கேட்கும். இல்லாட்டி கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்! விஸ்டாவில்தான் அந்தத் தலைவலி ஒழிஞ்சது. 2019 மே அப்டேட்டில் விண்டோஸ் 10-க்குள்ளேயே தமிழ்99 விசைப்பலகை வந்தது.

11-ஐ இந்த வரிசையில் வைக்க என்னிடம் காரணம் இல்லை. ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு நகர்ந்திருக்கு, சரி.

உரிமத்துக்குக் காசு இல்லை என்கிறார்கள். ஆனால் டிபிஎம் 2.0 வேணும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை வேணும். ஏறத்தாழ 2018-க்கு முந்தைய கணினிகள் வெளியே. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் ஆரம்ப வருஷங்களில் கொடுத்தவை எல்லாம் இதில் அடிபடும். இலவசம் என்று சொல்லி ஒரு புது கணினியை வாங்க வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

அதுக்காக 10-லேயே கிடக்கலாம்னும் சொல்ல மாட்டேன். டிபிஎம் வெறும் சாக்கு இல்லை. வட்டின் பூட்டுச் சாவியைத் தனியாகக் காப்பது உண்மையான பாதுகாப்புதான். நாலு பேரோட ஆதாரை ஸ்கேன் பண்ணும் கடைக்கணினி, ஓட்டை அடைக்கப்படாத ஓஎஸ்ஸில் ஓடக்கூடாது. வீட்டுக் கணினிக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் அதுக்குக் காசு கிடையாது. தொழிலுக்கு முதல் வருஷமே 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பு. அதைக் கட்டுவதற்குப் பதில் லினக்ஸ் போடலாம். அரசு லேப்டாப்பிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்துதான் வந்தது, திறந்து பார்த்தவங்க குறைவு.

சிக்கல் டிடிபி கடைகளில். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் இன்னும் பழைய எழுத்துருக்களில் கிடக்கு, மென்பொருளும் பழசு. அவங்க 11-ஐப் பற்றி யோசிக்கும் முன் அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாத்தி, இன்னொரு கணினியில் திறந்து பார்த்துக்கணும். அது முடிஞ்சா எந்த ஓஎஸ்ஸுக்கும் போகலாம்.