சாய்தளத்தின் அளவும் பயணத்தின் நீளமும்

கட்டடங்களையும் பொதுவெளிகளையும் இணையதளங்களையும் மாற்றுத்திறனாளிகள் பிறர் துணையின்றிப் பயன்படுத்துவதற்கு வேண்டிய குறைந்தபட்ச அளவுகளை வகுத்துரைக்கும் அணுகல்தன்மைத் தரநிலைகள், இந்தியாவில் இன்று ஏட்டளவில் ஏறக்குறைய குறையற்ற தொகுதியாகவே வளர்ந்துள்ளன. 2021-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஒருங்கிசைந்த வழிகாட்டுதல்கள் கட்டடத்தையும் தெருவையும் அளக்கின்றன. அதே ஆண்டில் வந்த ஐ.எஸ். 17802 என்னும் இந்தியத் தரம் மின்னணுச் சேவைகளை அளக்கிறது. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் புதிய கட்டடங்களுக்கான ஏற்பாடுகளைச் சொல்கின்றன. ஒருபுறம் ஏரியும் மறுபுறம் கும்மிடிப்பூண்டி நோக்கி விரையும் சரக்கு லாரிகளுமாக, ஊராட்சியும் பெருஞ்சாலையும் தொழிற்பகுதியும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும் சோழவரம் போன்ற ஊரில் வைத்துப் பார்க்கும்போதுதான் இத்தொகுதியின் வலிமையும் ஓட்டையும் ஒருங்கே புலப்படுகின்றன.

வலிமை எண்ணில் இருக்கிறது. சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டைவிடச் செங்குத்தாக இருக்கலாகாது என்பது விதி. அதாவது 150 மி.மீ. உயரமுள்ள ஒரே ஒரு வாசற்படியைக் கடக்க 1,800 மி.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். வாசலில் இரண்டு மூட்டை சிமென்டைக் கொட்டிச் சரித்துவிட்டு ‘ராம்ப் போட்டாயிற்று’ என்று கணக்கு முடிக்கும் வழக்கத்தை எதிர்த்து வாதாட, கட்டடக்கலைப் பயிற்சி ஏதுமற்ற ஒருவருக்கும் ஓர் அளவு நாடா போதும் என்ற நிலையை அந்த எண்ணே உண்டாக்கியது. இரக்கத்தின் பேரால் கிடைப்பதை அளந்து பார்க்க முடியாது, உரிமையின் பேரால் கிடைப்பதை அளந்தே தீர வேண்டும் என்ற வேறுபாட்டை இத்தரநிலைகள் நிலைநாட்டியதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

ஆயினும் அந்த எண்ணுக்குப் பின்னால் சட்டத்தின் பிடி நெடுங்காலம் தளர்வாகவே இருந்தது. தரநிலைக்கு ஒவ்வாத கட்டடத்துக்கு அனுமதியோ நிறைவுச் சான்றிதழோ வழங்கலாகாது என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவும், நிலவும் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் திருத்த வேண்டும் என்று 45-ஆம் பிரிவும் கூறின. அச்சட்டத்தின் விதிகள் 2017 ஜூனில் வந்ததால் அந்தக் கெடு 2022 ஜூனிலேயே தீர்ந்துவிட்டது. அணுகல்தன்மை குறித்த ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கட்டாயமாக இருக்க வேண்டியவற்றை வெறும் வழிகாட்டுதல்களாக நீர்க்கச் செய்துவிட்டதென்று 15-ஆம் விதியின் முதல் உட்பிரிவைச் செல்லாததாக்கி, மீறக்கூடாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து வகுக்குமாறு பணித்தது. ‘செய்யலாம்’, ‘செய்ய வேண்டும்’ என்ற இரு வினைமுற்றுகளுக்கு இடையிலேயே ஏழாண்டுகள் கழிந்திருக்கின்றன.

கட்டாயமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பதே அடுத்த கேள்வி. இத்தரநிலைகளின் அடிப்படைக் குறை, அவை உறுப்புகளை அளக்கின்றனவே தவிர, அவ்வுறுப்புகளைக் கோத்துச் செல்லும் பயணத்தை அளப்பதில்லை என்பதுதான். சக்கர நாற்காலியில் ஒருவர் சோழவரத்திலிருந்து தொழிற்கூட வேலைக்குப் புறப்படுவதாகக் கொண்டால், அவர் வீட்டுத் தெரு ஊராட்சியுடையது. தேசிய நெடுஞ்சாலை வேறு ஆணையத்துடையது. பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது. மின்தொடர் வண்டியும் நடைமேடையும் ரயில்வேயுடையவை. வேலை செய்யுமிடம் சிப்காட் வளாகத்திலுள்ள தனியார் நிறுவனத்துடையது. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் தேர்வில் தேறிவிட்டாலும், இரண்டு எல்லைகள் சந்திக்கும் இடத்தில் கிடக்கும் மூடியற்ற வடிகாலுக்கு விடை சொல்ல யாரும் இல்லாமல் போகலாம்.

பேருந்தையே எடுத்துக்கொண்டால் இது இன்னும் துலங்கும். மாற்றுத்திறனாளிகளின் நீண்ட போராட்டத்துக்கும் சென்னை உயர் நீதிமன்ற வழக்குகளுக்கும் பிறகு, மாநகர் போக்குவரத்துக் கழகம் 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. இவற்றின் தளம் தரையிலிருந்து சுமார் 400 மி.மீ. உயரம்; வாசலில் மடித்து வைத்த பலகை விரிந்தால் சக்கர நாற்காலி ஏறலாம். இந்த வடிவமைப்பு, நிறுத்தத்தில் உயர்த்திக் கட்டிய நடைபாதை இருக்கும் என்றும், ஓட்டுநர் அதையொட்டி இணையாக வண்டியை நிறுத்துவார் என்றும் நம்பி உருவானது. அப்படியொரு மேடையில்லாமல், ஒரு மீட்டர் நீளப் பலகை நேரே சாலையில் இறங்கினால் சரிவு ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டரை ஆகிவிடும். பேருந்து ஒரு பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து கொடுத்தாலும் ஒன்றுக்குப் பன்னிரண்டு எட்டாக்கனிதான். வண்டியும் குற்றமற்றது, சாலையும் அதன் விதிப்படி குற்றமற்றது. ஏற முடியாதவர் மட்டும் நிறுத்தத்திலேயே நிற்கிறார்.

அளவுகள் எந்த உடலை மனத்தில் கொண்டு பிறந்தன என்பதும் ஆராயத்தக்கது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் விகிதம் அமெரிக்காவின் 1961-ஆம் ஆண்டுத் தரநிலையில் இடம்பெற்றது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் டிமொதி நூஜென்ட் நடத்திய ஆய்வுகள் அதற்கு அடிப்படையாயின. சக்கர நாற்காலி திரும்புவதற்கென ஒதுக்கப்படும் 1,500 மி.மீ. விட்ட வட்டத்தில், தமிழகத்துச் சாலைகளில் கையால் சுழற்றி ஓட்டப்படும் நீண்ட மூன்று சக்கர வண்டி திரும்பாது; அரசே வழங்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் அப்படித்தான். வாகனத்தை வாசலில் விட்டுத் தரையில் தவழ்ந்து உள்ளே வருபவருக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. இரவல் அளவு தவறானதன்று; போதாதது.

தரநிலை திறப்பு விழா நாளின் நிலையையே சோதிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கெனத் திறக்கப்பட்ட மரப்பாதையின் ஒரு பகுதி, இரண்டு வாரம் நிறைவதற்குள் மாண்டஸ் புயலில் சிதைந்து பின்னர் சீரமைக்கப்பட்டது. பராமரிப்பு என்ற சொல் தரநிலைகளின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

இணையத்துக்கு வந்தால் இதே குறை வேறு உருவில் நிற்கிறது. உலகளாவிய வலை அணுகல் நெறிகள் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 என்ற வண்ண வேறுபாட்டையும், படங்களுக்கு மாற்று உரையையும் கேட்கின்றன. மென்பொருள் கொண்டு நொடியில் சோதித்துவிடலாம் என்பது இவற்றின் நன்மை. ஆனால் மாற்று உரை இருக்கிறதா என்று மட்டுமே மென்பொருள் பார்க்கும். அதற்குப் பொருள் இருக்கிறதா என்று பாராது. தமிழுக்கென்று தனியொரு தடையும் உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான அறிவிக்கை கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினாலும், கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் அதில் ‘அம்மா’ என்ற சொல்லைச் சந்தித்தால் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்ற வரிசையையே காணும். அரசு அலுவல்களுக்கு ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றும் பழைய கோப்புகள் உயிரோடிருக்கின்றன. இப்படிப்பட்ட கோப்பை ஏந்திய பக்கம், தானியங்கிச் சோதனையில் முழு மதிப்பெண் பெறவும் கூடும். அந்த அறிவிக்கையைப் படிக்க முடியாத பார்வையற்றவர் இறுதியில் இ-சேவை மையத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது. அம்மையத்தின் வாசலில் எத்தனை படிகள் என்பது, இணையதளத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் தணிக்கையாளரின் வினாப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.